நேர்ந்துவிட்ட கிடாவின் சிரிப்பு

என் பெண்டாட்டி சின்னத்தாய் சிரித்தால் திருச்சி ரோட்டில் போகிற லாரிக்காரன் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்ப்பான். கொட்டாம்பட்டிக்கு வடக்கே, ரோட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி எங்கள் வீடு. கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் அவளை நான் அதிகமாகத் திட்டியது அந்தச் சிரிப்புக்காகத்தான். "பொம்பள சிரிச்சா போச்சு, பொகையில விரிச்சா போச்சு" என்று ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அதற்கும் சிரிப்பாள்.

எண்பதாம் வருசம் தை மாதம், அறுப்பு முடிந்த கையோடு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கஷாயம், ஒத்தடம் என்று நாலு நாளைக் கடத்தினேன். அது என் தப்பு, இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாம் நாள் பஸ்ஸில் கடைசி சீட்டில் படுக்கவைத்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது என்றார்கள். அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் வராந்தாவில் நின்றேன். எங்கள் கண்மாய்க்கரைக் கருப்பன் இருக்கிற திசை எதுவென்று தெரியவில்லை. வழியில் போன ஒரு அம்மாவிடம் வடக்கு எது என்று கேட்டு, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"கருப்பா, இவள எனக்கு உசுரோட குடுத்துரு. வீட்டுல அடுத்துப் பொறக்குற கிடாக்குட்டி ஒனக்கு."

கருப்பன் கொடுத்தான். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?" என்பதுதான். கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனாள். பக்கத்தில் நின்ற நர்சம்மா பதறிப்போய், "சிரிக்கக் கூடாது, இருமக் கூடாது, தையல் விட்டுரும்" என்று அதட்டினார். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை.

மேல்தையலைப் பத்து நாளில் பிரித்தார்கள். உள்தையல் தானாகக் கரைந்துவிடும் என்றார் டாக்டர். எப்போது கரையும் என்றும் நான் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத தையல் கரைந்ததா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது? வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். இந்த வீட்டில் யாரும் சின்னத்தாய்க்குச் சிரிப்பு மூட்டக் கூடாது. ரேடியோவில் நகைச்சுவை என்று சொன்னாலே திருகி அணைத்தேன். அவள் அண்ணன் விருமாண்டி, வாயைத் திறந்தால் கேலிதான் பேசுவார், அவரையே வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பினேன். கட்டிக்கொடுத்த இரண்டு மகள்களும் பார்க்க வந்தபோது, ஆத்தாளிடம் ஊர்க்கதை பேசாதே என்று பஸ் நிறுத்தத்திலேயே சொல்லிக் கூட்டிவந்தேன்.

என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்து அவளும் அடங்கி இருந்தாள். மூன்று மாதம் ஆனது, ஆறு மாதம் ஆனது. அவளுக்கே பழக்கம் விட்டுப்போய்விட்டது. வீடு நான் கேட்ட மாதிரி அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

அவள் வீடு திரும்பிய அடுத்த மாதம், மாசியில், எங்கள் கிழட்டு ஆடு ஒரு கிடாக்குட்டி போட்டது. உடம்பு முழுக்கக் கறுப்பு, நாலு காலிலும் சாக்ஸ் போட்ட மாதிரி வெள்ளை. மூன்றாம் நாள் தாய் செத்துப்போனது. நான் குட்டியின் காதில் நேர்த்திக்கடன் அடையாளமாகச் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, கட்டிலில் படுத்திருந்தவள் மடியில் கொண்டுபோய் விட்டேன். பால்புட்டியை வைத்துக்கொண்டு அவள்தான் வளர்த்தாள்.

"நேந்துவிட்டதுக்குப் பேரு கீரு வச்சுறாத" என்று முதல்நாளே எச்சரித்தேன்.

"பேரெல்லாம் வைக்கல. மாப்ளன்னு கூப்புடுறேன், அம்புட்டுத்தேன்" என்றாள்.

வம்பு அதோடு தொடங்கியது. விருமாண்டி என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். அவர் தெருவிலிருந்து குரல் கொடுத்தால் நானும் எட்டிப்பார்ப்பேன், கிடாவும் எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் எனக்கு முன்னால் அது போய் நிற்கும்.

ஏழெட்டு மாதத்தில் மாப்ள வாலிபத்துக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் விருமாண்டி தங்கைக்கென்று ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அது சுட்டி. நேர்ந்துவிட்ட கிடா பெட்டையோடு சேரக் கூடாது என்பது எங்கள் அப்பா காலத்திலிருந்து வீட்டில் உள்ள கட்டுப்பாடு. அதனால் முள் வைத்து ஒரு படல் கட்டி, அந்தப் பக்கம் சுட்டியையும் இந்தப் பக்கம் மாப்ளயையும் விட்டேன்.

கிடா பெண் பார்க்கிற லட்சணத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் தன் தாடியிலேயே ஒண்ணுக்கு அடித்துக்கொள்ளும். அதுதான் அதற்குச் செண்டு. பிறகு கழுத்தை நீட்டி, நாக்கைத் துருத்தி, ப்ளப்ளவென்று ஒரு சத்தம் போடும். முன்னங்காலைத் தூக்கி, கதவைத் தட்டுகிற மாதிரி படலைத் தட்டும். சுட்டி கண்டும் காணாத மாதிரி புல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் படலுக்கு ஒட்டினாற்போல்தான் நின்று கடிக்கும். பக்கத்து வீட்டு முனியாயியின் கிடாவை இரண்டு தடவை சுட்டியிடம் கூட்டிவந்து விட்டுப் பார்த்தேன். சுட்டி அதை முட்டி முட்டித் தெருவரைக்கும் துரத்திவிட்டது.

ஐப்பசியில் ஒருநாள் நான் வயலில் மடை திறந்துகொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னத்தாயின் சிரிப்பு. ஒன்பது மாதம் கழித்துக் கேட்கிறேன். மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு, "தையல்! ஏ புள்ள, தையல்!" என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடிவந்தேன்.

அவள் படலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று கையைக் காட்டினாள்.

சுட்டி பருவத்துக்கு வந்திருக்கிறது. அது ஒண்ணுக்கு விட்ட இடத்தை, படலுக்கு அடியில் மூக்கை நுழைத்து மாப்ள மோந்திருக்கிறது. மோந்துவிட்டுத் தலையை வானத்துக்குத் தூக்கி, மேலுதட்டை மடித்துச் சுருட்டி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தது. ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, வெறும் ஈறுதான். பல் போன கிழவன் பந்தியில் உட்கார்ந்து பாயாசத்தைப் பார்த்த முகம். அசையவே இல்லை. காதில் ஈ உட்கார்ந்தது, அதைக்கூட விரட்டவில்லை.

"நீங்க என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு இப்பிடித்தேன் நின்னீங்க" என்றாள். "செண்டுக்குப் பதிலா தேங்கா எண்ண. காதுவழியா வழிஞ்சுச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் அந்த முள்படலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நடுத்தர வயசுக்காரர்கள் என்பதையே மறந்து சிரித்தோம். அவளுக்கு எந்தத் தையலும் விடவில்லை. எப்போதோ கரைந்திருக்கும். ஒன்பது மாதமாக ஒரு முட்டாள் சட்டத்தைப் போட்டு வைத்திருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சுட்டி வாலை ஆட்டிக்கொண்டு கத்தும், மாப்ள சிரிக்கும், அதைப் பார்த்து இவள் சிரிப்பாள். லாரிக்காரர்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள்.

எண்பத்தொன்றாம் வருசம் ஆடி நெருங்கியது. ஊரில் கருப்பனுக்குக் கிடாவெட்டு. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சின்னத்தாய் கேட்டாள்.

"சந்தையில வேற கிடா புடிச்சுக் குடுத்துரலாம்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சாமிகிட்ட மாத்துக் கிடாவா? என்ன பேச்சு பேசுற? வார்த்த குடுத்திருக்கேன்டி."

"நீங்க குடுத்தீங்க. வளத்தது நானு."

"ஒன் உசுருக்குத்தான குடுத்தேன்! நான் வார்த்த தவறி, குடுத்தத அவன் திருப்பி எடுத்துக்கிட்டா நான் என்னடி செய்வேன்?"

கத்திவிட்டேன். அவள் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். அன்றிலிருந்து மறுபடி சிரிப்பை நிறுத்திவிட்டாள். இந்தத் தடவை நான் சட்டம் எதுவும் போடவில்லை.

கிடாவெட்டை ஆடி இரண்டாம் வெள்ளி வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. விருமாண்டி மட்டும், "மூணாம் வெள்ளிதேன் சரிப்படும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அப்பிடித்தேன் மாப்ள" என்றார். எங்கள் வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதிக்குப் பென்சிலால் வட்டம் போட்டிருந்ததையும் பார்த்தேன். அமாவாசை விரதமாக்கும் என்று விட்டுவிட்டேன். ஆடு மேய்க்கிறவனுக்கு அறிவு இருந்தால் ஏன் ஆடு மேய்க்கிறான் என்று விருமாண்டி என்னைக் கேலி செய்வதில் தப்பே இல்லை.

வியாழக்கிழமை மதுரை சிம்மக்கல்லுக்குப் போய்ப் பூசைச் சாமான் வாங்கிவரக் கிளம்பினேன். "மாலை மட்டும் வாங்காதீங்க. கடை மாலை வேணாம், நானே கட்டுறேன்" என்றாள். கடைசி மரியாதையை அவள் கையால் செய்ய நினைக்கிறாள் என்று எண்ணி, என் மனசு கொஞ்சம் கரைந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஓலைப்பெட்டியில் ஈரத்துணி போட்டு மூடி மாலையைக் கொடுத்தாள். "கழுத்துல போடுறவரைக்கும் தொறக்காதீங்க, வாடிரும்."

கண்மாய்க்கரையில் கூட்டம். எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மூன்று தடவை மஞ்சள்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். மூன்று தடவையும் சிலுப்பவில்லை என்றால் சாமிக்கு வேண்டாம், கயிற்றை அவிழ்த்துக் கோயில் கிடாவாக விட்டுவிட வேண்டும். வழக்கம் என்று சொல்கிறேனே தவிர, அப்படி விட்டதை என் வயசுக்கு நான் பார்த்ததில்லை. தலையில் தண்ணீர் விழுந்தால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும்.

பூசாரி முத்துக்கருப்பன் சொம்போடு வந்தார். அவரும் பத்து ஆடு வைத்திருக்கிற ஆள். "மாலையப் போடுப்பா கருத்தக்கண்ணா" என்றார். நான் பெட்டியைத் திறந்து மாலையை எடுத்தேன். செவ்வந்தியும் வேப்பிலையும் வைத்து நெருக்கமாகக் கட்டியிருந்தாள். முகத்துக்கு நேரே தூக்கியபோதுதான் அந்த வாடை அடித்தது.

முப்பது வருசமாக ஆட்டோடு புழங்குகிறவனுக்கு அது என்ன வாடை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பருவத்துக்கு வந்த பெட்டையின் வாடை. விடியற்காலையில் சுட்டி கத்தியதும், மூணாம் வெள்ளிக்கு விருமாண்டி ஒற்றைக்காலில் நின்றதும், காலண்டரில் இருந்த வட்டமும் ஒன்றாகச் சேர்ந்து விளங்கின. மாலையைச் சுட்டியின் பின்புறத்தில் நன்றாகத் தேய்த்துக் கொண்டுவந்திருக்கிறாள் என் பெண்டாட்டி.

தலையைத் தூக்கி அவளைத் தேடினேன். பெண்கள் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ஆபரேசன் செய்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சாமியை ஏமாற்றுவதா? மாலையைக் கண்மாயில் எறிந்துவிட்டு வேறு மாலை கேட்கலாம். எத்தனையோ பேர் கையில் மாலை இருந்தது. அடுத்து வந்தது பயம். அந்த வராந்தாவும், சாத்திய கதவும், வடக்கு தெரியாமல் நின்றதும் ஞாபகத்துக்கு வந்தன. உயிரோடு கொடு என்றுதான் கருப்பனிடம் கேட்டேன், கொடுத்துவிட்டான். பிறகு ஒன்பது மாதம் நான் அவளைச் சிரிக்கவிடாமல் வைத்திருந்தேன். அவளை எனக்கு முழுசாகத் திருப்பிக் கொடுத்தது இந்தப் பல்லில்லாத பயல்தான். அவனையும் அனுப்பியது கருப்பனாகத்தானே இருக்க வேண்டும்?

"என்னப்பா யோசன?" என்றார் பூசாரி.

"ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லி, மாலையை மாப்ள கழுத்தில் போட்டேன். மூக்கு பூவில் முட்டுகிற மாதிரி இழுத்தும் விட்டேன்.

முதல் சொம்புத் தண்ணீர் விழுந்தது. கழுத்துத் தோல் லேசாக நடுங்கியது. சரி, முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால், மாப்ள தலையை வானத்துக்குத் தூக்கி, உதட்டைச் சுருட்டி, ஈறு தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. மஞ்சள்தண்ணீர் தாடிவழியாகச் சொட்டியது.

கூட்டத்தில் எவனோ களுக்கென்றான். பூசாரி இரண்டாவது சொம்பை ஊற்றினார். மாப்ள மாலையை இன்னொரு தடவை ஆழமாக மோந்தது, மறுபடி சிரித்தது. அதோடு நிற்காமல் ப்ளப்ளவென்று நாக்கைத் துருத்தி, பக்கத்தில் நின்ற பூசாரியின் முழங்காலை முன்னங்காலால் தட்டியது. படலைத் தட்டுவது போலவேதான்.

"அண்ணே, ஒங்களப் பொண்ணு கேக்குதுண்ணே!" என்று விருமாண்டி கத்தினார். கூட்டம் கொல்லென்றது. பூசாரி கோபத்தில் மூன்றாவது தண்ணீரைக் குடத்தோடு தலையில் கவிழ்த்தார். மாப்ள ஒரு மயிர்க்கால்கூட அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு, சிரித்தபடி நின்றது.

அப்போது சின்னத்தாய் சிரித்தாள். சாமி கும்பிடுகிற இடத்தில், ஊர் நடுவில், அடக்க முடியாமல், பழைய சிரிப்பு. நான் அவளைத் திட்டவில்லை.

பூசாரி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, மாலையை இரண்டு விரலால் தூக்கி, மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். கூட்டம் ஓய்ந்தது.

"மால யாரு கட்டுனது?"

சின்னத்தாயின் சிரிப்பு நின்றுவிட்டது. வாயைத் திறந்து ஒரு அடி முன்னால் வைத்தாள். அதற்குள் நான் சொன்னேன்.

"நாந்தேன்."

"நீ?"

"நாந்தேன் கட்டுனேன்."

எனக்கு மாட்டுக்கயிற்றுக்கே ஒழுங்காக முடிச்சுப் போடத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். பூசாரி என்னைப் பார்த்தார். சின்னத்தாயைப் பார்த்தார். அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று பஸ்ஸிலிருந்து இறக்கிக் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்த நாலு பேரில் அவரும் ஒருவர். கருப்பன் பக்கம் திரும்பி அருவாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருப்பன் சிரிச்சுட்டான்ப்பா" என்றார் கடைசியில். "சிரிச்ச மொகத்துல அருவா விழக் கூடாது. அவுத்து விடுங்க."

வீட்டுக்குக் கண்மாய்க்கரை வழியாக நடந்தோம். நான் முன்னால், அவள் பத்தடி பின்னால். பாதி தூரம் வந்திருப்போம்.

"மால வாசம் ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

"எனக்குச் சளி புடிச்சிருக்கு. ஒரு வாசமும் தெரியல."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"பெறகு எதுக்கு நீங்க கட்டுனதாச் சொன்னீங்க?"

"சாமி கோவிச்சா என்னையக் கோவிக்கட்டும்னுதேன்." திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னேன். "ஒன்னய ஒரு தடவ உள்ள விட்டுட்டு வெளியில நின்னுட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. பிறகு வேகமாக வந்தது. இருபத்தாறு வருசத்தில் முதல் தடவையாக, ஊர் பார்க்கிற ரோட்டில், அவள் என் பக்கத்தில் சேர்ந்து நடந்தாள்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கோயில் கிடா ஊரெல்லாம் சுற்றலாம், எந்த வயலிலும் மேயலாம், ஒருவரும் விரட்டக் கூடாது. அவ்வளவு சுதந்திரத்தையும் வாங்கிக்கொண்டு மாப்ள நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. கழுத்தில் பாதி மாலை தொங்கியது. எங்கள் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் படலுக்குப் போய், முன்னங்காலால் தட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து சுட்டி கத்தியது. மாப்ள தலையைத் தூக்கிச் சிரித்தது.

சின்னத்தாயும் சிரித்தாள். பழக்கதோசத்தில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பழக்கதோசத்தில் எனக்கும் "தையல்" என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். எழுந்து போய், கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அறுத்து, படலைத் திறந்துவிட்டேன்.